கைப்பிடி போன நீல மக்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. என் வலது கைக் கட்டைவிரல் ஒன்றைத் தவிர நாங்கள் மூன்று பேரும் முழு நலம். அந்த விரல் என் தையல் மெஷினின் இரும்பு ஸ்டாண்டுக்கும் ஒரு லாரியின் பின்கதவுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது, அது அங்கே எதற்குப் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பத்து நாளைக்கு ஊசி, கத்தரி, பேனா எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் சொல்வதை அப்படியே எழுதுடி என்றால், பேசுவது வேறு எழுதுவது வேறு அம்மா என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். ஆகவே இதில் வாக்கியம் அழகாக இருந்தால் அது அவளுடையது, விஷயம் இருந்தால் என்னுடையது. நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன், நினைக்கத்தான் முடியும், போனில் சாப்பிட்டாயா என்றாலும் 'ம்', காய்ச்சல் போய்விட்டதா என்றாலும் 'ம்' என்கிறாய். கடிதத்தில் ஒரு வசதி உண்டு. பாதியில் "அம்மா, பாலம் கட்டற இடத்துல கூப்பிடறாங்க" என்று சொல்லி வைத்துவிட முடியாது.

இந்த உறைக்குள் நான்காய் மடித்து ஓரத்தைப் பசையால் ஒட்டிய ஒரு தாள் இருக்கிறது. அதைக் கடிதத்தை முழுவதும் படித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். நீ பிரித்துவிட்டுத்தான் படிப்பாய் என்று உன் தங்கை சொல்கிறாள், அவன் நல்ல பிள்ளை, அப்படிச் செய்ய மாட்டான் என்று நான் சொல்லியிருக்கிறேன். என் வாக்கைக் காப்பாற்று.

(அண்ணா, இது நான். அம்மா பாலை இறக்கிவைக்கப் போயிருக்கிறாள். தாளை இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது.)

முதலில் வீட்டுச் செய்தி. ஏழாம் மாடிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, இன்னும் எனக்கு அது பழகவில்லை, திறந்து பார்த்துத் திறந்து பார்த்து மூடுகிறேன். லிஃப்ட் வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்கிறது. உன் அப்பா ஓய்வு பெற்ற நாளிலிருந்து பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பஸ் எண்ணுகிறார். "முப்பத்தொண்ணு இன்னைக்கு எட்டு நிமிஷம் லேட்டு" என்பதுதான் சில நாட்களில் அவர் பேசும் ஒரே வாக்கியம். முப்பது வருஷம் ஓட்டிய மனுஷன், கீழே இறங்கி நாலு பேரோடு பேச ஓர் இடம் இல்லை. என் மெஷினுக்கும் அதே கதிதான். மிதித்தால் ஆறாம் மாடியில் குழந்தை எழுந்துவிடுகிறது என்று அந்த வீட்டுப் பெண் வந்து அழாத குறையாகச் சொன்னாள், அவளைக் குறை சொல்ல முடியாது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க ஏழு மாடி ஏறி வருகிற ஆளும் இல்லை. மெஷினைப் போர்வையால் மூடி வைத்திருக்கிறேன். உடம்பு சரியில்லாதவளைப் படுக்க வைத்த மாதிரி இருக்கிறது.

இதனால்தான் நான் அந்தப் பழைய பம்ப் ரூமை எல்லோருக்கும் பொது இடமாகக் கேட்டேன். நம்முடைய பழைய வரிசை வீடுகளை எல்லாம் இடித்துவிட்டார்கள், பம்ப் ரூமும் அதற்கு முன்னால் இருக்கும் முற்றமும் மரமும்தான் இரண்டு புதுக் கட்டடங்களுக்கும் நடுவில் பாக்கி. அதையும் இடித்து கார் நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மனு எழுதினோம். வீட்டு வசதி ஆபீசர் நல்ல சிரித்த முகம், "தாராளமா எடுத்துக்கங்க, நீங்களே நடத்துங்க" என்றார், எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிறகுதான் நிபந்தனையைச் சொன்னார். எந்த மூலையில் என்ன வரப்போகிறது என்று ஒரே ஒரு திட்டம், அதற்கு நாற்பத்தெட்டு வீட்டின் சம்மதக் கையெழுத்தும் போன மாதம் முப்பதாம் தேதிக்குள் வர வேண்டும் என்றார். ஒரு வீடு குறைந்தாலும் கார் ஷெட். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், அவர் நம்மை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறார்.

நீ மட்டும் என்ன, போனில் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய். "அம்மா, நாப்பத்தெட்டு வீடும் ஒரு விஷயத்துக்குக் கையெழுத்துப் போட்டா, நான் லீவு போட்டு வந்து பம்ப் ரூமுக்கு உள்ளயும் வெளியயும் நானே சுண்ணாம்பு அடிக்கறேன்" என்று நீ சொன்னதை உன் தங்கை தேதி, மணியோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு வருஷமாக லீவே இல்லை என்று சொல்கிற வாய் அது. இது நிற்க.

மூன்று மாதம் கூட்டம் போட்டோம். நம் பக்கம் ஒரு நல்ல பெண் கிடைத்தாள், கட்டட வரைபடம் படித்தவள், ஏதோ சங்கத்திலிருந்து உதவிக்கு வந்தாள். அவள் இடுப்பில் எப்போதும் இரும்பு நாடா, என் கழுத்தில் துணி நாடா, பார்த்தவுடன் ஒட்டிக்கொண்டோம். எல்லோரும் அவளை அளவுநாடா என்றே கூப்பிடுகிறார்கள். அவள் முற்றத்தைப் பெரிய தாளில் வரைந்து சுவரில் மாட்டி, வீட்டுக்கு ஐந்து வண்ணச் சீட்டுக் கொடுத்து, உங்களுக்கு எது எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டுங்கள் என்றாள். விசில் வாத்தியாரை உனக்கு நினைவிருக்கும், உன்னைப் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிப் பத்து முறை ஓடவிட்டவர், ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கழற்றவில்லை. அவர் தன் ஐந்து சீட்டையும் மர நிழலில் ஒரே இடத்தில் ஒட்டினார், பிள்ளைகளுக்கு வாலிபால் வலை கட்ட வேண்டுமாம். அந்த ஐந்துக்கு மேலே இஸ்திரிக்காரர் தன் ஐந்தையும் ஒட்டினார், வெயிலில் நின்று கரி இஸ்திரிப் பெட்டியைத் தள்ளினால் துணி மடியும் முன் நான் மடிந்துவிடுவேன் என்றார். பாதிப் பேருக்குத் தாளில் எது மரம் எது சாக்கடை மூடி என்றே புரியவில்லை. இரண்டாம் மாடி நர்ஸ் தன் சீட்டுகளைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒட்டிவிட்டுத் திருப்தியாகப் போனாள். எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே என்று நான் வாயைத் திறந்ததும் வாத்தியார், "டெய்லரக்கா, நாப்பத்தெட்டு பேருக்கும் ஒரே அளவுல சட்டை தைக்கப் பாக்கறீங்க" என்றார். "அளவெடுக்க நிக்காம ஓடினா சட்டை எப்படி சார் வரும்" என்று நானும் கேட்டேன். அதோடு அன்றைய கூட்டம் முடிந்தது. உன் அப்பா ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. மேலேயிருந்து பார்த்து, "எல்லாரும் டிரைவர் சீட்டுலதான் உக்காருவேங்கறான், பஸ் எப்படிப் போகும்" என்றார். சொல்வதைக் கீழே வந்து சொல்லலாமே என்றால் காது கேட்காது.

பத்து நாள் மிச்சம் இருக்கும்போது எனக்கு ராத்திரியெல்லாம் இதே யோசனை. நாம் என்றைக்குத் தாளைப் பார்த்து இடம் பிரித்தோம், பன்னிரண்டு வருஷம் இதே பம்ப் ரூம் குழாயடியில் வரிசை வைத்தோமே, யார் கூட்டம் போட்டார்கள். குடத்தை வைத்தால் ஆள் நின்ற மாதிரி. குடம் இல்லையா, செங்கல், செருப்பு, கிழிந்த கூடை எது வேண்டுமானாலும் வைக்கலாம். தன் பொருளைத் தான் நகர்த்தலாம், அடுத்தவர் பொருளில் கை வைக்கக் கூடாது. தலைக்குத் தலை திட்டிக்கொண்ட காலத்திலும் அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை, உன்னைத் தவிர. நீ கைப்பிடி போன உன் நீல மக்கை வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது காலால் முன்னே தள்ளுவாய். கையால் தொடவில்லையே என்று வாதாடுவாய். அதனால் காலையில் போய் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து, முற்றத்தில் எங்கே உங்களுக்கு இடம் வேண்டுமோ அங்கே வையுங்கள், ஒரு வாரம் இருக்கட்டும், சட்டம் பழைய குழாயடிச் சட்டம் என்றேன். இதற்கு யாரிடமும் இரண்டாம் முறை விளக்க வேண்டி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாத்தியார் இரண்டு கம்பும் ஒரு கயிறும். இஸ்திரிக்காரர் கால் ஆடும் பழைய மேஜை, அந்தக் கயிற்றுக்கு நேர் கீழே. நர்ஸ் ஒரு தலையணையைக் கொண்டுவந்து பம்ப் ரூமின் கடைசி ஜன்னலுக்கு அடியில் வைத்தாள், நைட் டியூட்டி முடிந்து வந்தால் அங்கே யாரும் பேசக்கூடாதாம். நான் ரூமுக்குள் கதவோரம், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து மெஷினின் இரும்பு ஸ்டாண்டை வைத்தேன். உன் தங்கையும் அவள் கூட்டாளிகளும் உள்ளே ஒரு பெஞ்சும் அதன் மேல் நாலு புத்தகமும். என்ன வேண்டும் என்றே தெரியாத ஒரு வீட்டுக்காரர், எல்லாரும் வைக்கிறார்களே என்று ஒற்றைச் செருப்பை நடுவில் வைத்துவிட்டு இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒரு கூட்டம் இல்லை, ஒரு பேச்சு இல்லை. எல்லோரும் அவரவர் பால்கனியிலிருந்து பார்த்தார்கள், விடிந்தால் ஒவ்வொரு பொருளாக நகர்ந்திருந்தது. உன் தங்கை பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் கீழே போய் எது எத்தனை அடி நகர்ந்தது என்று நோட்டில் குறித்து வைத்தாள். திங்கட்கிழமை மேஜையும் கயிறும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன. செவ்வாய்க்கிழமை காலை நிழல் மரத்துக்கு மேற்கே விழுவதை இஸ்திரிக்காரர் பார்த்திருக்கிறார், மேஜை மேற்கே போனது. பிள்ளைகள் விளையாட வருவது சாயங்காலம், அப்போது நிழல் கிழக்கே அல்லவா இருக்கிறது என்று வாத்தியாருக்கு உறைக்க இன்னொரு நாள் ஆனது, புதன்கிழமை கயிறு கிழக்கே போனது. மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்திய இரண்டு பேரும் ஒரே மரத்தை ஆளுக்குப் பாதி நாளாகப் பிரித்துக்கொண்டார்கள், ஒரு வார்த்தை பேசாமல். புத்தகப் பெஞ்சு சத்தம் இல்லாத இடம் தேடித் தலையணைக்குப் பக்கத்தில் போனது. ஒற்றைச் செருப்பு மட்டும் நடுவிலேயே கிடந்தது. வியாழக்கிழமை அளவுநாடா வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நான் அஞ்சு வருஷம் படிச்சதை நீங்க அஞ்சு நாள்ல பண்ணிட்டீங்க" என்றாள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது, ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, மாநகராட்சி லாரி வந்து முற்றத்தைச் சுத்தமாகத் துடைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. பம்ப் ரூமுக்குள் இருந்ததையும் விடவில்லை. நான் காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது லாரி தெருமுனையில் திரும்புகிறது, அதன் மேல் என் மெஷின் ஸ்டாண்டு காலைத் தூக்கிக்கொண்டு போகிறது. யார் அனுப்பினார்கள் தெரியுமா, நம் சிரித்த முகம்தான். முதல் நாள் ஜீப்பில் போகும்போது எட்டிப் பார்த்திருக்கிறார், ஓட்டை மேஜை, தலையணை, ஒற்றைச் செருப்பு, முற்றம் முழுக்கக் குப்பை கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று போன் பண்ணிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. இது என்ன என்று ஒரு போர்டு எழுதி வைக்கலாம் அம்மா என்று உன் தங்கை ஞாயிற்றுக்கிழமையே சொன்னாள். நம்ம ஆளுங்களுக்கு எதுக்குடி போர்டு, எல்லாருக்கும் தெரியும் என்றேன் நான். நமக்குத் தெரிந்தது ஊருக்கெல்லாம் தெரியும் என்று நினைத்தது என் தப்புதான்.

(இந்த வரியை அம்மா இரண்டு முறை அடிக்கச் சொன்னாள். நான் அடிக்கவில்லை. போர்டுக்கான அட்டையைக்கூட வெட்டி வைத்திருந்தேன் அண்ணா.)

அன்று சாயங்காலம் ஆளாளுக்கு என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அப்போது யாரும் எதிர்பாராமல் உன் அப்பா ஏழு மாடி இறங்கி வந்தார், லிஃப்ட் வேலை செய்யாத நாள், முழங்கால் வலியோடு படி இறங்கி வந்திருக்கிறார். "அள்ளின சாமானெல்லாம் எங்க பஸ் டிப்போவுக்கு அடுத்த கிடங்குலதான் கொட்டுவாங்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு முப்பத்தொண்ணு வரும். எட்டு நிமிஷம் லேட்டாத்தான் வரும், ஆனா வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறினார்.

சனிக்கிழமை அந்த பஸ்ஸில் வீட்டுக்கு ஒருவராக நாங்களும், கூட உன் அப்பாவும் அளவுநாடாவும் ஏறியதும் கண்டக்டர் பயந்துபோய் என்ன ஊர்வலம் என்று கேட்டார். டிரைவர் உன் அப்பாவிடம் தொழில் பழகியவர், கிடங்கு வாசலில் ஸ்டாப்பே இல்லாத இடத்தில் நிறுத்தி எங்களை இறக்கினார். அங்கே இருந்த கிடங்குக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக் கண்ணாடி எங்கே என்று தேடுகிற ஆள், ஆனால் சட்டத்தில் புலி. "சும்மா எடுத்துட்டுப் போக இது என்ன உங்க மாமியார் வீடா" என்று பெரிய பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் சொந்தக்காரர் நேரில் வந்து வீட்டு அட்டையைக் காட்ட வேண்டும். என்ன பொருள், எந்த இடத்தில் இருந்தது, என்ன உபயோகத்துக்கு வைத்திருந்தது, மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போதாததற்கு, ஆமாம், இது அங்கேதான் இருந்தது என்று பக்கத்துப் பொருளின் சொந்தக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு ஐந்தாறு பேர் முடியும் வரை உறைக்கவில்லை. இஸ்திரிக்காரர் மேஜைக்குச் சாட்சி யார், வாத்தியார். மேஜை எங்கே இருந்தது என்று கிடங்குக்காரர் கேட்டதும் வாத்தியார் கூரையைப் பார்த்தார், விசிலைத் தொட்டுப் பார்த்தார், கடைசியில் "மரத்துக்கு மேற்கே" என்றார். "நிழல்லயா, வெயில்லயா? சரியாச் சொல்லுங்க, அப்புறம் என் தலையை உருட்டுவாங்க." "நிழல்லதான்யா, எழுதும்" என்று வாத்தியார் கையெழுத்துப் போட்டார். உடனே இஸ்திரிக்காரர் முன்னால் வந்து, "வாத்தியார் கயிறும் நிழல்லதாங்க, சாயங்கால நிழல்" என்று யாரும் கேட்காமலே சாட்சி சொன்னார். அப்போதுதான் அளவுநாடா என் கையைக் கிள்ளினாள். எந்த வீட்டுக்கு எந்த இடம், என்ன உபயோகம், பக்கத்து வீட்டின் சம்மதம், எல்லாம் கையெழுத்தோடு அந்தப் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதம் நான் கெஞ்சிக் கிடைக்காததை, யாரும் கெஞ்சாமல் அந்த மனுஷன் அதட்டி வாங்கிக்கொண்டிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் மூச்சுக் காட்டவில்லை. சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்களே. ஒற்றைச் செருப்புக்காரர் முறை வந்தது, உபயோகம் என்ன என்றதும் தலையைச் சொறிந்துகொண்டு, "நடுவுல நின்னா எல்லாத்தையும் பாக்கலாங்க" என்றார். கிடங்குக்காரர் முகத்தை மாற்றாமல் 'உபயோகம்: வேடிக்கை பார்க்க' என்று எழுதி முத்திரை குத்தினார். அளவுநாடா அந்த இடத்தில் இப்போது ஒரு வட்ட மேடை வரைந்திருக்கிறாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மூலையில் ஒரு பொருள் பாக்கி இருந்தது. கைப்பிடி போன நீல மக். இது யாருது என்று கிடங்குக்காரர் தூக்கிக் காட்டினார். இடிப்பதற்கு முன்னால் வீட்டைக் காலி செய்தபோது அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். உன் அப்பா எழுந்து, "என் பையனோடது" என்றார். பையன் வரட்டும் என்றார் அவர். ரெண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறான் என்றார் அப்பா. "அப்ப இது இங்கயே இருக்கட்டும், இதுக்கு நான் என்ன சோறா போடப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பொருள், இடம், உன் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டார். இடம், குழாய் இருந்த மேடைக்குப் பக்கம். உபயோகம் என்ன என்று கேட்டதற்கு அப்பா, "அதை அவனைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

(அவர் அதை வைத்தது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால், இன்னும் சரியாக விடியாதபோது இறங்கிப் போய் வைத்தார். அம்மாவிடம் சொல்லாதே என்றார், நானும் சொல்லவில்லை. என் நோட்டில் மட்டும் குறித்திருக்கிறேன். தினமும் கொஞ்சம் முன்னே நகர்ந்தது அண்ணா. காலால்தான் தள்ளியிருப்பார் என்று நினைக்கிறேன்.)

வந்த லாரியே அந்தப் பக்கம் காலியாகத் திரும்புகிறது என்று டிரைவருக்கு டிரைவர் பேசி அப்பா சாமானை எல்லாம் அதிலேயே ஏற்றினார், அந்த அவசரத்தில்தான் என் விரல் போய் மாட்டியது. வலி தெரியவில்லை, அத்தனை சந்தோஷம். திங்கட்கிழமை பதிவேட்டின் நகலை முத்திரையோடு வாங்கிக்கொண்டு, உன் தங்கையின் நோட்டைப் பார்த்து அளவுநாடா வரைந்த வரைபடத்தையும் சுருட்டிக்கொண்டு ஆபீசரிடம் போனோம். அவர் புரட்டினார், சிரிப்பு மெல்லக் குறைந்தது. இது குப்பைக் கிடங்குப் பதிவேடு ஆச்சே என்றார். "ஆமா சார், நீங்க அனுப்பின லாரிதான் சார், உங்க புண்ணியம்" என்றேன். முத்திரை அரசாங்க முத்திரை, கையெழுத்து உண்மைக் கையெழுத்து, வரைபடமும் அதுவும் அடிக்கு அடி பொருந்துகிறது. ஒவ்வொரு வீடாக எண்ணிக்கொண்டே வந்தார், நாற்பத்தேழு வரை சரி. நாற்பத்தெட்டாவது நம் வீடு. அங்கே பேனாவை நிறுத்திவிட்டு, போன சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "டெய்லரம்மா, நீங்க போட்ட கையெழுத்து செல்லாது. வீடு உங்க பேர்ல இல்லையே" என்றார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான். நாற்பத்தேழு வீட்டு அட்டையையும் எடுத்துக் கொடுங்கள் எடுத்துக் கொடுங்கள் என்று விரட்டியவள், என் முறை வந்தபோது அட்டை வீட்டில் இருக்கிறது, முதலில் மற்றவர்களைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு மெஷின் ஸ்டாண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அட்டையில் இருப்பது உன் பெயர். நீ பால வேலைக்குப் போகும் முன், புது வீட்டுக்குப் பெயர் பதிந்த அன்று அப்பாவுக்கு டியூட்டி, எனக்கு ஒரு கல்யாண வீட்டுத் தையல், விடிகாலையிலிருந்து சாயங்காலம் வரை ஆபீஸ் வரிசையில் நின்றவன் நீ. நின்றவன் பெயரையே எழுதிவிட்டார்கள். அதை நாங்கள் மாற்றவும் இல்லை, மாற்ற நினைக்கவும் இல்லை.

அளவுநாடாவுக்கு அழுகையே வந்துவிட்டது. உன் அப்பாதான் பின்னால் நாற்காலியில் இருந்தபடி, "சார், கடைசிப் பக்கம் பாருங்க" என்றார். கடைசிப் பக்கத்தில் நீல மக், சொந்தக்காரர் பெயர் உன் பெயர், கையெழுத்து இடம் காலி. ஆபீசர் அந்த வரியைப் பேனாவால் குறித்துக்கொண்டார். பிறகு, சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால் பதினைந்து நாள் தவணை உண்டு என்று அவரே விதியை எடுத்துச் சொன்னார், மனசு நல்ல மனசுதான். வருகிற பதினைந்தாம் தேதிக்குள் அந்த வரிக்கு உரிய படிவத்தில் உன் கையெழுத்து மையில் வந்தால் பம்ப் ரூம் நம்முடையது. வராவிட்டால் பதினாறாம் தேதி இடிக்க ஆள் வருவார்கள்.

இப்போது அந்தத் தாளைப் பிரி. கிடங்குக்காரர் கொடுத்த படிவம் அது. சாட்சிக் கையெழுத்து விசில் வாத்தியாருடையது, "அந்தப் பய அங்கதான் நிப்பான், எனக்குத் தெரியாதா" என்று சொல்லிக்கொண்டே போட்டார். நீ போட்டால் பந்தயத்தில் தோற்றாய், போடாவிட்டால் நாங்கள் எல்லோரும் தோற்றோம், வசதி எப்படி என்று பார்த்துக்கொள். போனில் சம்மதம் சொன்னால் போதாதா என்று கேட்காதே, போதாது. உபயோகம் என்ற கட்டத்தை யாரும் நிரப்பவில்லை. நான் ஏதாவது சொல்லி எழுதப் போனேன், உன் அப்பா விடவில்லை, அவனே எழுதட்டும் என்றார். தபால்தலை ஒட்டி விலாசம் எழுதிய உறை உள்ளே இருக்கிறது, நீ தபால்தலை வாங்கப் போய் மறந்து வருகிற ஆள் என்பதால்.

அப்பா நேற்று கடைக்குப் போய் நாலு அங்குலப் பிரஷ் ஒன்று வாங்கி வந்து பால்கனியில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். ஏணி இஸ்திரிக்காரர் தருகிறேன் என்றார். சுவர் உயரம் பதினோரு அடி, அளவுநாடா அளந்து சொன்னாள், உள்ளே இரண்டு பூச்சு வேண்டுமாம், ஆகவே ஒரு வாரத்துக்குக் குறையாமல் லீவு கேள். ஈரச் சாக்ஸோடு பாலத்தில் நிற்காதே. ராத்திரி சாப்பாட்டை வேலை முடிந்து என்று தள்ளிப் போடாதே. தலைமுடி நீளமாக இருக்கிறது என்று போட்டோவில் பார்த்தேன், வெட்டிக்கொள். நீயும் உன் கூட வேலை செய்கிறவர்களும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கை வைத்த காரியம் எல்லாம் உறுதியாக நிற்க வேண்டும், உன் பாலமும்தான். தபால் அங்கிருந்து வர ஐந்து நாள் ஆகிறது, பதினைந்திலிருந்து கழித்துப் பார்த்துக்கொள்.

(அண்ணா, கடைசியாக நான். நான் போட்ட கணக்குப்படி இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே நீ போட வேண்டும். கிடங்கில் உன் மக் மூன்றாம் தட்டில் இருக்கிறது. கிடங்குக்காரர் அதில் பேனா போட்டு வைத்திருக்கிறார்.)

இடது கையால் போடுவதால் கையெழுத்து கோணல், ஆசி நேர்தான்,
உன் அம்மா
ஏழாம் மாடி, நீ வரிசையில் நின்று வாங்கிய வீடு